மஞ்சள் மாறாத மழலை

நாடுகளுக்கு வரலாறு இருப்பதுபோல நோய்களுக்கும் வரலாறு உண்டு. ஊர்களைச் சூறையாடிய வாந்திபேதிக்கும் பெரியம்மைக்கும் வரலாறு எழுதியோர் பலர். ஆனால், பல்லாயிரம் குழந்தைகளில் ஒரு குழந்தையைத் தேடிவந்து, ஓசையின்றிக் கொண்டுபோகும் நோய்க்கு வரலாறு எழுதுவோர் சிலரே. பித்தநீர் செல்லும் குழாய் அடைபட்டுப் பச்சிளங் குழந்தையின் கல்லீரல் கெடும் நோய் அத்தகையது. மருத்துவர் இதனைப் 'பிலியரி அட்ரீசியா' என்பர். நாம் பித்தநாள அடைப்பு என்று கூறலாம்.

நான் மருத்துவன் அல்லன், தமிழ்ப்பள்ளி ஆசிரியன். இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தமைக்கு ஒரு காரணம் உண்டு. 1978ஆம் ஆண்டு எனக்கு எட்டு வயது. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டில் ஒரு தங்கை பிறந்தாள். பிறந்த சில நாளில் அவள் மேனியில் மஞ்சள் படர்ந்தது. "பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வருவது வழக்கந்தான், காலை வெயிலில் காட்டு," என்றார் பாட்டி. வாரங்கள் கடந்தும் மஞ்சள் மாறவில்லை. ஆயினும் குழந்தை பால் குடித்தாள்; சிரித்தாள்; எடையும் கூடியது. அவளுடைய துணிகளைத் துவைக்கும்போது என் அன்னை வியந்து கூறிய ஒரு சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. "இந்தப் பிள்ளையின் துணியில் கறையே படிவதில்லை," என்பார். மலம் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அது பாலின் நிறமே என்று லயத்துப் பெண்கள் எண்ணினர். மந்திரித்தார்கள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். நான்காம் மாதம் வயிறு பெருத்த பிறகுதான் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். "கல்லீரல் கெட்டுவிட்டது; இனிச் செய்வதற்கொன்றும் இல்லை," என்ற விடையே கிடைத்தது. முதல் பிறந்தநாளை அவள் காணவில்லை.

கறை படியாத அந்தத் துணியே நோயின் அடையாளம் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே நான் அறிந்தேன். அந்த அடையாளத்தை மருத்துவ உலகம் எப்போது அறிந்தது, அறிந்த பின் என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பித்தநீரின் பணி

வரலாற்றுக்குள் புகுமுன் உடலின் இயல்பைச் சிறிது காண்போம். கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டருக்கும் மேலாகப் பித்தநீரைச் சுரக்கின்றது. சிறு கால்வாய்கள் கூடி ஆறாவதுபோலக் கல்லீரலுக்குள் ஓடும் நுண்குழாய்கள் ஒன்றுகூடிப் பெருங்குழாயாகி முன்சிறுகுடலைச் சென்றடைகின்றன. இடையில் உள்ள பித்தப்பை, பித்தநீரைத் தேக்கிச் செறிவாக்கி வைத்திருந்து, கொழுப்புணவு வரும்போது பிழிந்து கொடுக்கின்றது.

இந்நீருக்கு இரு பணிகள் உள. ஒன்று, உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்க உதவுவது. கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே ஆகிய உயிர்ச்சத்துகள் உடலில் சேர்வதும் இதன் துணையால்தான். மற்றொன்று, கழிவை வெளியேற்றுவது. குருதியின் சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து அழிகின்றது. அவ்வாறு அழியும்போது தோன்றும் மஞ்சள் நிறப்பொருளாகிய பிலிருபினைக் கல்லீரல் பிரித்தெடுத்துப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகின்றது. மலத்திற்கு மஞ்சளும் பழுப்பும் ஆகிய நிறத்தைத் தருவது இப்பொருளே.

வழி அடைபட்டால் என்ன நிகழும் என்பதை இனி எளிதில் உய்த்துணரலாம். குடலுக்குச் செல்லவேண்டிய நிறம் குருதிக்குத் திரும்புகின்றது. கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. சிறுநீர் கறுத்து, துணியில் மஞ்சளாய்ப் படிகின்றது. மலமோ நிறமிழந்து வெளுக்கின்றது. தேங்கிய பித்தநீர் கல்லீரலின் உயிரணுக்களையே அரிக்கத் தொடங்க, நாளடைவில் கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகின்றது. கல், கட்டி, அழற்சி எனத் தடையின் காரணம் எதுவாயினும், வயதில் மூத்தோர்க்கும் இவ்விளைவுகள் நேரும். ஆனால் பித்தநாள அடைப்போடு பிறக்கும் குழந்தைக்கு இவையாவும் சில மாதங்களிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகின்றன. இங்கேதான் இந்நோயின் கொடுமை உள்ளது.

முன்னோர் கண்ட பித்தம்

பித்தத்தின் பெருமையை முன்னோர் அறிந்தே இருந்தனர். கிரேக்க நாட்டு இப்போக்கிரட்டீசு மரபினர் குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்களின் சமநிலையே உடல்நலம் என்றனர். நம் சித்த மருத்துவரோ வளி, அழல், ஐயம் என மூன்றாகப் பகுத்தனர். இவற்றுள் அழல் என்பது பித்தமே. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, இம்மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் உண்டாகும் என்னும் கருத்தை வைத்துள்ளார்.

மிகுதலையும் குறைதலையும் எண்ணிய முன்னோர், வழி அடைபடுதலைக் கண்ணால் காண வாய்ப்புப் பெற்றிலர். அதற்கு உடலைத் திறந்து பார்க்கவேண்டும். 1654ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரான்சிசு கிளிசன் என்பார் கல்லீரலின் உள்ளமைப்பை ஆராய்ந்து தனி நூல் எழுதினார். கல்லீரலைச் சூழ்ந்துள்ள உறை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. குழாய்களின் போக்கு அறியப்பட்ட பின்னரே, குழாய்களின் நோயைப் பற்றி எண்ணுதல் இயல்வதாயிற்று.

நோயைக் கண்டவர்கள்

1817ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் ஜான் பர்ன்சு என்னும் பேராசிரியர், மகப்பேறும் குழந்தை நோய்களும் பற்றிய தம் நூலில் ஒரு செய்தியைக் குறித்தார். பிறந்த குழந்தைக்கு வரும் காமாலை பெரும்பாலும் தானே நீங்கும். ஆனால் அது நீங்காமல், மலமும் வெளுத்திருக்குமாயின், பித்தக் குழாய்களில் திருத்த இயலாத குறை உண்டென ஐயுறவேண்டும் என்பது அதன் கருத்து. இந்நோயைப் பற்றிய முதற் குறிப்பாக இதனையே அறிஞர் கொள்வர். என் தங்கை பிறப்பதற்கு 161 ஆண்டுகளுக்கு முன்பே வெளிறிய மலத்தின் பொருள் நூலேறிவிட்டது என்பதை ஆசிரியப் பெருமக்கள் மனங்கொள்ள வேண்டுகின்றேன்.

நூற்றாண்டின் இறுதியில், 1892ஆம் ஆண்டளவில், எடின்பரோ நகரத்து ஜான் தாம்சன் இத்தகைய குழந்தைகள் ஏறக்குறைய ஐம்பது பேரின் வரலாறுகளைத் திரட்டி ஆராய்ந்தார். 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹோம்சு என்பார், இறந்த குழந்தைகளின் உடற்கூற்றுக் குறிப்புகளை ஒப்பிட்டு நோக்கி, இந்நோயைத் திருத்தக்கூடியது, திருத்தமுடியாதது என இரண்டாகப் பிரித்தார். கல்லீரலுக்கு வெளியே திறந்த குழாய் சிறிதளவேனும் எஞ்சியிருந்தால் அதனைக் குடலோடு இணைத்துவிடலாம். ஒன்றும் எஞ்சவில்லையெனில் வழியில்லை என்பது அவர் கணிப்பு. 1928ஆம் ஆண்டு பாஸ்டன் நகரின் வில்லியம் லாட் அவ்வாறு இணைத்துச் சில குழந்தைகளைப் பிழைக்கவைத்தார். ஆயின் திருத்தக்கூடிய வகையினர் மிகச் சிலரே. எஞ்சியோரின் வயிற்றைத் திறந்து பார்த்து, செய்வதறியாது மீண்டும் தைத்து அனுப்புவதே அறுவை மருத்துவரின் வழக்கமாய் இருந்தது.

இக்காலத்தில் வேறு இரண்டு முன்னேற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, நெதர்லாந்தின் வான் டென் பெர்க் கண்ட குருதிச் சோதனை. கல்லீரலைக் கடந்து வந்த பிலிருபினையும் கடவாத பிலிருபினையும் இச்சோதனை வேறுபடுத்திக் காட்டியது. பிறந்த குழந்தைக்கு இயல்பாக வரும் மஞ்சள், கல்லீரலைக் கடவாத வகையைச் சேர்ந்தது. பித்தவழி அடைப்பால் வரும் மஞ்சளோ கல்லீரலைக் கடந்த பின் திரும்பி வந்தது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இருவகை மஞ்சளையும் ஒரு துளிக் குருதி பிரித்துக் காட்டியது.

இரண்டாவது, டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கண்டறிந்த உயிர்ச்சத்து கே. கொழுப்பு நீக்கிய உணவை உண்ட கோழிக் குஞ்சுகள் குருதி உறையாமல் இறந்ததை 1929ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்த அவர், குருதி உறைவதற்கு ஒரு தனிச் சத்து வேண்டும் எனக் கண்டார். உறைதலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தே அச்சத்தின் பெயராயிற்று. பித்தநீர் குடலை அடையாத நோயாளர் அறுவையின்போது குருதி கொட்டி இறந்தமைக்குக் காரணம் அதன்பின் விளங்கிற்று. 1938ஆம் ஆண்டு முதல் இச்சத்தைக் கொடுத்துக் காமாலை நோயாளர் பலரை மருத்துவர் காத்தனர். டாம், எட்வர்ட் டாய்சி என்னும் அமெரிக்கரோடு 1943ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பித்தநாள அடைப்புள்ள குழந்தைகளுள் சிலர்க்கு மூளையில் குருதிக் கசிவு நேர்வதும் இச்சத்தின் குறையால்தான்.

அறிவு வளர்ந்தது, ஆனால் அடைபட்ட வழியைத் திறப்பார் இலர்.

செண்டாய் நகரில் ஓர் அறுவை

அவ்வழியைத் திறந்தவர் சப்பான் நாட்டவர். மோரியோ கசாய் 1922ஆம் ஆண்டு, அந்நாட்டின் வடபகுதியாகிய அவோமோரியில் பிறந்தார். செண்டாய் நகரில் உள்ள தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவரானார். 1955ஆம் ஆண்டு, பிறந்து 72 நாளான ஒரு குழந்தையின் வயிற்றைத் திறந்த அவர், திருத்தமுடியாத வகையைச் சேர்ந்த அடைப்பையே கண்டார். குழாய் இருக்கவேண்டிய இடத்தில் நார்க்கட்டி ஒன்றே இருந்தது. அதனை அறுத்தபோது கல்லீரலின் வாயிலில் குருதி கசிந்தது. அதை அடக்கும்பொருட்டு முன்சிறுகுடலை எடுத்து அவ்விடத்தின்மேல் பொருத்தி வைத்தார் என்பர். பின்னர் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. வெளுத்திருந்த மலத்தில் நிறம் தோன்றியது. பித்தநீர் எங்கோ வழி கண்டுவிட்டது.

தற்செயல் பலருக்கும் வாய்ப்பதே. அதன் காரணத்தைத் தேடி நிற்பவரே அறிஞர். கசாய் அந்த நார்க்கட்டியை நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலப்படாத நுண்குழாய்கள் அதனுள் உயிரோடு இருந்தன. பெருங்குழாய் அழிந்தாலும் நுண்குழாய்கள் சிலகாலம் திறந்தே இருக்கின்றன. அந்தக் கட்டியைக் கல்லீரலின் வாயிலோடு ஒட்ட அறுத்துவிட்டு, குடலின் ஒரு வளைவை நேராக அவ்வாயிலில் தைத்துவிட்டால், பித்தநீர் தானே வடிந்து குடலைச் சேரும் எனத் தெளிந்தார். இன்று 'கசாய் அறுவை' என உலகம் வழங்கும் முறை இதுவே.

இங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கசாயும் அவருடைய துணைவர் சுசுக்கியும் தம் முறையை 1959ஆம் ஆண்டு சப்பானிய மொழி மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஆங்கிலத்தில் அது விரிவாக வெளிவந்தது 1968ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள் மேலைநாட்டு மருத்துவர் பெரும்பாலோர் அதனை அறியார். அறிந்த சிலரும் நம்பவில்லை. அதே 1968ஆம் ஆண்டில், குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்வரை அறுவையைத் தள்ளிவைப்பதே நலம் என்று அமெரிக்காவில் எழுதினோர் உண்டு. கல்லீரல் அழற்சியால் மட்டும் மஞ்சளான குழந்தைகளை வீணே அறுத்துத் துன்புறுத்தலாகாது என்பது அவர் கருத்து. நல்லெண்ணத்தால் விளைந்த அறிவுரைதான். ஆனால் கசாய் கண்ட உண்மையோ அதற்கு நேர்மாறானது. நுண்குழாய்கள் நாளுக்கு நாள் அழிந்துவருகின்றன. ஆதலின் பிறந்த 60 நாளுக்குள் அறுவை நிகழ்ந்தால் பித்தநீர் ஓடும் வாய்ப்பு மிகுதி. 90 நாள் கடந்தால் அது பெரிதும் குறைந்துவிடும்.

1970களில் அமெரிக்க, ஆங்கிலேய மருத்துவர்கள் இம்முறையைத் தாமே செய்துபார்த்துத் தெளிந்தனர். என் தங்கை பிறந்த 1978ஆம் ஆண்டில், கசாயின் கட்டுரை வெளிவந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. செண்டாயிலிருந்து எங்கள் லயம்வரை அச்செய்தி வந்துசேர 19 ஆண்டுகள் போதவில்லை. இதில் எவரையும் குற்றங்கூற நான் எழுதவில்லை. அறிவு பிறத்தல் ஒன்று. அது வந்துசேர்தல் மற்றொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மலையேற்றத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்த கசாய் 2008ஆம் ஆண்டு மறைந்தார்.

பகிர்ந்து கொடுத்த உறுப்பு

கசாய் அறுவை பித்தநீருக்கு வழி திறந்தது. நோயை முற்றும் நீக்கியதாகச் சொல்ல இயலாது. அறுவைக்குப் பின்னும் பலர்க்குக் கல்லீரல் மெல்ல மெல்லத் தழும்பேறுகின்றது. அத்தகையோர்க்கு மாற்றுக் கல்லீரல் ஒன்றே வழி.

1963ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமசு ஸ்டார்சல் உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தார். அதனை ஏற்ற நோயாளி மூன்று வயதுச் சிறுவன்; அவன் நோய் பித்தநாள அடைப்பு. குருதிப் பெருக்கை அடக்க இயலாமல் அச்சிறுவன் அறுவை மேசையிலேயே உயிர்நீத்தான். ஸ்டார்சல் மனந்தளர்ந்தாலும் முயற்சியைக் கைவிடவில்லை. 1967ஆம் ஆண்டு அவர் செய்த மாற்று, ஒரு பெண் குழந்தைக்கு ஓராண்டுக்கு மேல் வாழ்வு கொடுத்தது. பிறர் உறுப்பை உடல் ஏற்க மறுப்பதே பெருந்தடையாய் நின்றது. சைக்குளோஸ்போரின் என்னும் மருந்தை இங்கிலாந்தின் ராய் கேன் 1978ஆம் ஆண்டு நோயாளர்க்கு முதன்முதலாகக் கொடுத்தார். 1980களில் அம்மருந்து பரவிய பின்னரே கல்லீரல் மாற்று நம்பத்தக்க மருத்துவமாயிற்று.

எனினும் குழந்தையின் சிறிய வயிற்றுக்குள் வளர்ந்தவரின் கல்லீரல் அடங்குமா? கல்லீரலுக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. அதன் ஒரு பகுதியை வெட்டியெடுத்தால் எஞ்சிய பகுதி வளர்ந்து குறையை நிரப்பிக்கொள்ளும். எனவே பெற்றோரின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பிள்ளைக்கு வைத்தால் இருவரும் வாழலாம். 1989ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரசல் ஸ்ட்ராங் இதனை முதன்முதலாக வெற்றியுடன் செய்து முடித்தார். கொடுத்தவர் சப்பானியத் தாய்; பெற்றது பித்தநாள அடைப்புடைய அவருடைய 17 மாத மகன். மூளைச் சாவை ஏற்று உறுப்புக் கொடையைப் பெற இடந்தரும் சட்டம் சப்பானில் அப்போது இல்லை. 1997ஆம் ஆண்டில்தான் அது நிறைவேறியது. கசாய் வாழ்ந்த நாட்டிலிருந்தே ஒரு தாய் கடல் கடந்து சென்று தன் கல்லீரலைப் பகுத்துக் கொடுத்தாள்.

நம் பகுதிக்கும் இவ்வறுவை விரைவில் வந்தது. சிங்கப்பூரில் முதல் கல்லீரல் மாற்று 1990ஆம் ஆண்டிலும், மலேசியாவில் 1995ஆம் ஆண்டிலும் நிகழ்ந்தன. இந்தியாவில் 1998ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் டில்லி நகரில், பித்தநாள அடைப்போடு பிறந்த 20 மாத ஆண் குழந்தைக்குத் தந்தை தம் கல்லீரலின் ஒரு பகுதியை வழங்கினார். அந்நாட்டில் குழந்தை ஒன்றுக்கு வெற்றியுடன் நிகழ்ந்த முதல் கல்லீரல் மாற்று அதுவே. அக்குடும்பம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. அக்குழந்தை வளர்ந்து மருத்துவம் பயின்று மருத்துவராகவே விளங்குகின்றார் என்னும் செய்தியைப் படித்த நாளில் என் கண்கள் கலங்கின.

ஓர் அட்டையின் ஆற்றல்

இத்துணைப் பெருமுயற்சிகளுக்குப் பின்னரும் ஒரு வினா எஞ்சிநின்றது. அறுபது நாளுக்குள் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பது எப்படி?

மஞ்சள் எல்லாக் குழந்தைகட்கும் பொதுவாக வருவதால் அதனைப் பொருட்படுத்துவார் இலர். குழந்தையும் முதல் வாரங்களில் நலமுற்றிருப்பதுபோலவே தோன்றும். ஆனால் மலத்தின் நிறத்தைத் தாய் நாள்தோறும் காண்கின்றாள். அந்நிறம் நலமா நோயா என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும். சப்பானின் அக்கிரா மட்சுயி என்னும் குழந்தை மருத்துவர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். நலமான நிறங்களையும் வெளிறிய நிறங்களையும் வரிசையாக அச்சிட்டு, குழந்தையின் மலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு ஓர் அட்டை செய்தார். 1994ஆம் ஆண்டு தொச்சிகி மாநிலத்துத் தாய்மார்க்கு அது வழங்கப்பட்டது. 1993ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய விழிப்புணர்வு இயக்கமும், இரு வாரம் கடந்தும் மஞ்சள் மாறாத குழந்தையைச் சோதித்தே ஆகவேண்டும் எனப் பெற்றோர்க்கும் மருத்துவர்க்கும் வலியுறுத்தியது.

தைவான் நாடு 2004ஆம் ஆண்டு முதல் இவ்வட்டையைக் குழந்தை நலக் கையேட்டிலேயே சேர்த்து நாடெங்கும் வழங்கியது. அந்நாட்டில் ஐயாயிரம், ஆறாயிரம் பிறப்புக்கு ஒரு குழந்தையை இந்நோய் பற்றுகின்றது. ஐரோப்பாவைக் காட்டிலும் இது மிகுதி. அட்டை வருமுன் இந்நோயுற்ற குழந்தைகளில் ஐந்தாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 56 பேர் அளவில் இருந்தனர். அட்டை வந்த பின் அது 89 அளவுக்கு உயர்ந்தது. அறுவை அதே அறுவைதான். புதிதாக வந்தது அச்சிட்ட ஒரு தாளும் அதைப் பார்க்கக் கற்ற தாயின் கண்ணுமே. சுவிட்சர்லாந்து 2009ஆம் ஆண்டில் இவ்வழியைப் பின்பற்றியது. 2012ஆம் ஆண்டு முதல் சப்பான் நாடு முழுவதும் தாய்சேய் நலக் கையேட்டில் இவ்வட்டை இடம்பெற்றது.

நோயின் மூலகாரணத்தைத் தேடும் பணியும் ஒருபுறம் நடைபெறுகின்றது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில், வறட்சிக் காலங்களில் ஒருவகைக் களைச்செடியை மேய்ந்த ஆடுகள், பித்தநாளம் அடைபட்ட குட்டிகளை ஈன்றன. 1964, 1988, 2007 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. 2015ஆம் ஆண்டு அச்செடியின் நச்சுப்பொருளை ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். மனிதக் குழந்தைக்கு நோய் இச்செடியால் வருவதன்று. எனினும் குழாய் எங்ஙனம் அழிகின்றது என அறிய ஆட்டுக்குட்டியும் ஒரு திறவுகோல் தந்துள்ளது.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து தமிழாசிரியராகிய நாம் கொள்ளத்தக்கன யாவை?

மரபு மருத்துவத்தை இகழ்வது என் நோக்கமன்று. வளர்ந்தவர்க்கு வரும் காமாலையில் பெரும்பகுதி கிருமியால் வருவது. ஓய்வும் உணவும் இருப்பின் பெரும்பாலும் தானே தணிவது. அவ்வாறு தணியும்போது கொடுத்த இலைக்குப் புகழ் சேர்கின்றது. அந்தப் புகழை நம்பி, குழாய் அடைபட்ட குழந்தைக்கும் அதே இலையை அரைத்துக் கொடுத்துக் காத்திருப்பதே கேடு. அடைபட்ட குழாயை இலையும் திறவாது, மந்திரமும் திறவாது, காலை வெயிலும் திறவாது. அவற்றால் கரைவது அறுபது நாள் என்னும் அவகாசமே.

மற்றொன்று மொழி பற்றியது. கசாய் தம் தாய்மொழியில் எழுதினார். அதனால் அவர் நாட்டு மருத்துவர் முதலில் அறிந்தனர். பின்னர் உலகமொழியில் எழுதினார், உலகம் அறிந்தது. ஆயின் இருமொழியிலும் எழுதியது மருத்துவர்க்கே. தாய்க்கு எழுதியவர் மட்சுயி. அவர் எழுத்தையும் விட்டு நிறத்தாலேயே எழுதினார். அறிஞர்க்கு ஒரு பாலமும் இல்லத்துக்கு ஒரு பாலமும் ஆக இரண்டும் அமைந்தபோதே அறிவு பயன் தந்தது. நம் மொழியில் அறிவியல் எழுத முற்படுவோர் இரண்டாவது பாலத்தை மறக்கலாகாது. கலைச்சொல் ஆக்குவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அச்சொல் அடுப்படிவரை சென்றதா என்று பார்ப்பதும் நம் கடமையே.

ஆசிரியர் மருந்து கொடுக்க வேண்டா. செய்தி கொடுத்தால் போதும். நம் மாணவர்தம் வீடுகளில் தம்பி தங்கையர் பிறக்கின்றனர். பெற்றோர் கூட்டத்திற்குக் கைக்குழந்தையோடு தாய்மார் வருகின்றனர். அவர்களிடம் மூன்று செய்திகளைக் கூறலாம். பிறந்து இரு வாரம் கடந்தும் குழந்தையின் கண்ணில் மஞ்சள் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பிலிருபினை இருவகையாகப் பிரித்துக் காட்டும் குருதிச் சோதனை செய்யப்பட்டதா எனக் கேளுங்கள். மலம் சுண்ணாம்புபோலவோ களிமண்போலவோ வெளுத்திருந்தால், குழந்தை எத்துணை நலமாய்த் தோன்றினாலும், ஒருநாளும் தாழ்த்தாதீர்கள். முன்னர்ச் சென்றபோது 'வழக்கமான மஞ்சள்தான்' என்று சொல்லியிருந்தாலும், மறுமுறை சென்று கேட்பதில் நாணம் வேண்டா.

எங்கள் பள்ளி அலுவலகச் சுவரில், கால அட்டவணைக்குப் பக்கத்தில், நிறங்கள் வரிசையாக அமைந்த ஓர் அட்டையை ஒட்டியுள்ளேன். மலத்தின் நிறத்தைப் பள்ளிச் சுவரில் ஒட்டுவதா என்று முதலில் சிலர் முகஞ்சுளித்தனர். இப்போது தாய்மார் அதன்முன் நின்று பார்த்துச் செல்கின்றனர். சிலர் குழந்தையின் பாட்டியையும் அழைத்துவந்து காட்டுகின்றனர்.

என் அன்னைக்கு இன்று எண்பதை நெருங்கும் வயது. சென்ற ஆண்டு ஒருநாள் பள்ளிக்கு வந்தவர், அந்த அட்டையின் வெளிறிய நிறத்தின்மீது விரலை வைத்து நெடுநேரம் நின்றார். "இது அப்போது நம்மிடம் இருந்திருக்கக் கூடாதா?" என்றார். விடை சொல்ல என்னால் இயலவில்லை. இப்போது நம்மிடம் இருக்கின்றது. இதனைக் கொண்டுசேர்ப்பதே நாம் அளிக்கத்தக்க விடை.